உரிமச் சீட்டும் வாக்குச் சீட்டும்: இராஜாஜியின் அரசியல் எழுத்தில் சந்தையும் மக்களாட்சியும்

இராஜாஜியின் தமிழ் உரைநடை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அவருடைய இதிகாச நூல்களையும் சிறுகதைகளையும் சார்ந்தே நிகழ்ந்துள்ளன. ‘சக்கரவர்த்தித் திருமகன்’ 1958ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றமை இதற்கு ஒரு காரணம் எனலாம். அவருடைய அரசியல் கட்டுரைகளைத் தமிழ்த்துறையினர் அரசியல் என்று கருதி ஒதுக்கினர். அரசியல் வரலாற்றாசிரியரோ ‘சுவராஜ்யா’வில் அவர் எழுதிய ஆங்கிலப் பத்திகளோடு நின்றுவிட்டனர். ‘கல்கி’யில் வந்த தமிழ்க் கட்டுரைகள் இரு சாராருக்கும் இடையில் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. சந்தைக்கும் மக்களாட்சிக்கும் உள்ள உறவு பற்றி விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் எழுந்த மிகக் கூரிய விவாதம் ஒரு தமிழ் எழுத்தாளரால் தொடங்கப்பெற்றது என்பதை நோக்க, இந்தப் புறக்கணிப்பு இழப்பே ஆகும். அவருடைய வாதம் எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடுகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

சொல்லாட்சி

‘பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்’ என்ற தொடர் இராஜாஜியின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இத்தொடரின் மூன்று ஆங்கிலச் சொற்களும் கவனத்துக்குரியன. 1916இல் சேலத்தில் அறிவியல் கலைச்சொல் ஆக்கத்துக்கென ஒரு கழகத்தை நிறுவியவர்களுள் இராஜாஜி ஒருவர். வேதியியலைத் திண்ணையில் அமர்ந்து சொல்லுவதுபோல் ‘திண்ணை இரசாயனம்’ எழுதியவர். ‘தமிழில் முடியுமா’ என்று கேட்டு, முடியும் என்று காட்டியவர். அவருக்கு இம்மூன்றையும் தமிழாக்குவது அரிதன்று. எனினும் அவர் அவற்றை அப்படியே விட்டார். நூல் வாங்கச் சென்ற நெசவாளியும், சிமெண்டுக்கு மனுப் போட்ட வீட்டுக்காரனும், இறக்குமதிக்குக் காத்திருந்த வணிகனும் அலுவலக மேசைக்கு முன்னால் நின்று சொன்ன சொற்கள் அவையே. அவற்றை அயன்மை மாறாமல் நிறுத்தி, ‘ராஜ்யம்’ என்பதனைப் பின்னால் சேர்த்தபோது, போன ஆட்சி போகவில்லை என்ற பொருள் சொல்லாமலே தோன்றிவிட்டது. தூய தமிழில் ‘உரிம ஆட்சி’ என்று எழுதியிருந்தால் இந்த எள்ளல் நழுவியிருக்கும்.

வணிகத்தையும் அரசையும் சேர்த்துப் பேசுவது தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பொதிகளுக்குப் புலிச்சின்னம் பொறித்த சுங்கத்தாரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. சிலப்பதிகாரத்தில் ஒரு சிலம்பின் விற்பனை, தீர விசாரியாத மன்னனால் கொலையில் முடிகிறது. வணிகன் ஒருவன் தன் பொருளைத் தன் பொருள் என்று நிறுவ வாய்ப்பில்லாத நகரில் அங்காடி எவ்வளவு செழித்தாலும் பயனில்லை என்பதை இளங்கோவடிகள் அறிந்திருந்தார். ஆயினும் அவ்விலக்கியங்களில் உள்ளவர் இருவரே: அரசன், வணிகன். மூன்றாமவராகிய வாக்காளர் அங்கில்லை. அம்மூவரையும் ஒருங்கே வைத்துத் தமிழில் எளிய உரைநடையில் விவாதித்தவர்களுள் இராஜாஜி முதன்மையானவர் என்பதில்தான் அவருடைய இலக்கிய இடமும் அடங்கியிருக்கிறது.

வாதத்தின் வலிமை

1951ஆம் ஆண்டின் தொழில்கள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் தொழில் தொடங்கவும் விரிவாக்கவும் அரசின் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. இதனைப் பொருளியல் நோக்கில் மறுத்தவர் பலர். அரசியல் நோக்கில் மறுத்தமையே இராஜாஜியின் தனித்தன்மை. அவர் வாதத்தின் சாரம் இது: தொழில் நடத்துவோன் தன் பிழைப்புக்கு அமைச்சரின் கையெழுத்தை நம்பியிருப்பானாயின், அவன் ஆளுங்கட்சியை எதிர்க்கத் துணியான், எதிர்க்கட்சிக்குப் பணம் தரான், காலப்போக்கில் தேர்தல் நடந்துகொண்டே இருக்கும், ஆனால் போட்டி இராது. சந்தையில் போட்டி ஒழிந்தால் அரசியலிலும் போட்டி ஒழியும் என்பது இதன் பொருள்.

1959இல் அவர் தோற்றுவித்த சுதந்திராக் கட்சியின் வரலாறே இவ்வாதத்துக்குச் சான்றாயிற்று. தனியார் தொழிலை ஆதரித்த அக்கட்சியைத் தொழிலதிபர் பெரும்பாலோர் ஆதரிக்கவில்லை. டாட்டா குழுமம் காங்கிரசோடு சுதந்திராக் கட்சிக்கும் நன்கொடை தர 1961இல் முடிவுசெய்தபோது, ஜே.ஆர்.டி. டாட்டா அதனை நேருவுக்கு எழுதித் தெரிவித்தார். அவ்வாறு தெரிவித்துச் செய்யும் துணிவு பிற நிறுவனங்களிடம் மிகுதியாகக் காணப்படவில்லை. பிர்லா குடும்பம் காங்கிரசுடனேயே நின்றது. 1967இல் ஆர்.கே. ஹசாரி திட்டக்குழுவுக்கு அளித்த அறிக்கை, பெருங்குடும்பங்கள், குறிப்பாக பிர்லா குழுமம், உரிமங்களை முந்திப் பெற்றுப் பிறர் நுழையாதபடி வழியடைத்தமையை வெளிப்படுத்தியது. பெருமுதலாளியைக் கட்டுப்படுத்த எழுப்பப்பட்ட மதில் அவருக்கே கோட்டையாகிவிட்டது. இராஜாஜி இவ்வறிக்கைக்குப் பல ஆண்டு முன்னரே எழுதியவர்.

எனினும் அவருடைய கட்சியில் சேர்ந்தோருள் முன்னாள் மன்னரும் ஜமீன்தாரரும் கணிசமாக இருந்தனர். நில உச்சவரம்பு அவர்களைச் சுட்டது. விற்க ஒன்றும் இல்லாதவனுக்குச் சந்தைச் சுதந்திரம் எதைத் தரும் என்ற கேள்விக்கு அவர் கட்டுரைகளில் தர்மகர்த்தா நெறியும் தருமமும் விடையாக வருகின்றன. அவை காந்தியத்திலிருந்து வந்தவை. அரசியல் கட்டுரையில் அவை போதிய விடைகள் ஆகா.

ஆட்சியில் இருந்தபோது

எழுத்தாளர் இராஜாஜியை மறுக்கத் தக்கவர் ஆட்சியாளர் இராஜாஜியே என்பது அவருடைய நூல்களை மட்டும் படிப்போர் அறியாத செய்தி.

1937 முதல் 1939 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தபோது அவர் கொண்டுவந்த சட்டங்களுள் இரண்டு இங்குக் கருதத்தக்கன. முதலாவது, 1938ஆம் ஆண்டின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபர் 1க்கு முற்பட்ட கடன்களில், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டியை அது நீக்கியது. இருவர் மனமொத்து எழுதிய கடன் பத்திரத்தில் அரசு கைவைத்தது. பிற்காலத்தில் ஒப்பந்தத்தின் புனிதத்தை வலியுறுத்திய இராஜாஜிக்கு இது எங்ஙனம் இசையும் என்று கேட்கலாம். விலைவீழ்ச்சியில் நெல் விலை சரிந்தபோது கடன் மட்டும் சரியாமல் நின்றதால், அந்தச் சந்தையே உறைந்துபோயிருந்தது. அதனை மீண்டும் இயங்கச் செய்ய வாக்குப் பெற்ற அரசு ஒன்று தேவைப்பட்டது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சட்டம் ‘விவசாயி’ என்று வரையறுத்தது நிலத்தில் உரிமை உடையவரையே. கூலியாள் அவ்வரையறைக்குள் வரவில்லை. 1937இன் தேர்தலில் சொத்தும் வரியும் கல்வியும் பார்த்துத் தரப்பட்ட வாக்குரிமைக்குள்ளும் அவன் பெரும்பாலும் வரவில்லை. நிவாரணத்தின் எல்லையும் வாக்குரிமையின் எல்லையும் இவ்வளவு நெருங்கிச் செல்வது தற்செயல் என்று கொள்வது கடினம்.

இரண்டாவது, 1939ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டம். இந்தியாவில் பொது விற்பனை வரி முதலில் விதிக்கப்பட்டது இச்சட்டத்தால்தான். 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய இராஜாஜி, இழந்த கலால் வருமானத்தை ஈடுசெய்ய வணிகரிடம் சென்றார். வணிகர் எதிர்த்தனர். இம்மாற்றத்தின் ஆழம் பொதுவாக மதுவிலக்கின் நிழலில் மறைந்துவிடுகிறது. கலால் வருமானம் ஏலம் எடுத்த சிலரிடமிருந்து மொத்தமாக வந்தது. விற்பனை வரியோ கடைதோறும் கணக்கு எழுதப்படுவதை வேண்டியது. எத்துணை வணிகம் நடக்கிறது என்பதை அரசு முதன்முறையாக அறியலாயிற்று. வரி செலுத்திய வணிகனும் அப்பணம் என்னவாயிற்று என்று கேட்கும் தகுதி பெற்றான். சந்தையும் மக்களாட்சியும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் இடம் இதுதான்: ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்க முடிவது. இராஜாஜியின் செயல் இங்கு அவருடைய எழுத்தினும் முன்னே சென்றுவிட்டது.

1952இல் அவர் மீண்டும் முதலமைச்சரானார். 375 உறுப்பினர் கொண்ட சட்டமன்றத்தில் காங்கிரசுக்கு 152 இடங்களே கிடைத்திருந்தன. தேர்தலில் நில்லாத இராஜாஜியை ஆளுநர் மேலவைக்கு நியமித்து அதன்வழி ஆட்சி அமைந்தது. மக்களாட்சி முறைக்கு இது பெருமை சேர்க்கும் தொடக்கம் அன்று. அவ்வாட்சியின் புகழ்பெற்ற நடவடிக்கை, 1952 ஜூனில் அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கியமை. போர்க்காலம் தொடங்கி மக்கள் பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்றனர். நெல்லை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுசெல்லத் தடை இருந்தது. கட்டுப்பாடு நீங்கியபின், பலர் அஞ்சியதுபோல் விலை கைமீறி ஏறிவிடவில்லை. மத்திய உணவு அமைச்சர் இரஃபி அகமது கித்வாய் தொடர்ந்து 1954க்குள் நாடெங்கும் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார். 1953-54இன் நல்ல விளைச்சல் அவருக்குத் துணைசெய்தது.

இராஜாஜியைப் போற்றுவோர் இதனைச் சந்தைக் கோட்பாட்டின் வெற்றியாகக் கூறுவர். ஆனால் காலவரிசை வேறொன்றையும் உணர்த்துகிறது. அனைவருக்கும் வாக்குரிமை அளித்த முதல் பொதுத்தேர்தலில், உணவுத் தட்டுப்பாட்டின் சினத்தை மக்கள் காங்கிரசின்மேல் காட்டிச் சில மாதங்களே ஆகியிருந்தன. பெரும்பான்மையற்ற அரசு அச்சினத்தைத் தணிக்க வேண்டியிருந்தது. அரிசி விடுதலை பெற்றதில் கோட்பாட்டுக்கு உள்ள பங்கு வாக்குச் சீட்டுக்கும் உண்டு.

அதே ஆட்சிக்காலத்தில் அவர் மற்றொரு கோரிக்கையும் எழுப்பினார். வேட்டியும் சேலையும் நெய்வதைக் கைத்தறிக்கே ஒதுக்கவேண்டும், ஆலைகள் அவற்றை நெய்யக் கூடாது என்பதே அது. மத்திய அரசு முழுமையாக இணங்கவில்லை. ஆலை வேட்டிக்கு வரம்பு விதித்தது. ஆலைத் துணிமீது கூடுதல் தீர்வை விதித்து அப்பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் ஒதுக்க 1953இல் சட்டம் செய்தது. நெசவாளிக்காக இராஜாஜி கேட்டதற்குப் பெயர் கோட்டா என்பதே. பின்னாளில் அவர் வெறுத்த மூன்றாவது சொல் அது.

மூன்று படி அரிசி

1967ஆம் ஆண்டுத் தேர்தலில் சுதந்திராக் கட்சி தி.மு.க.வுடன் கூட்டுச் சேர்ந்தது. அக்கூட்டணியின் வெற்றிக்கு இராஜாஜியின் ஆதரவும் ஒரு காரணம் என்பது வரலாறு அறிந்த செய்தி. மக்களவையில் 44 இடங்களைப் பெற்றுச் சுதந்திராக் கட்சி மிகப்பெரிய எதிர்க்கட்சியும் ஆயிற்று. ஆனால் தமிழ்நாட்டில் அத்தேர்தலில் ஊரூராகப் பேசப்பட்டது சந்தைச் சுதந்திரம் அன்று. ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற தி.மு.க.வின் உறுதிமொழியே பேசப்பட்டது. அண்ணா ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கும் திட்டம் தொடங்கியது.

பதினைந்து ஆண்டு இடைவெளியில் அதே அரிசி, அதே வாக்காளர், நேர்மாறான வேண்டுகோள். 1952இல் சந்தையைத் திறந்துவிடு என்றவர்கள் 1967இல் விலையைக் குறைத்துக் கொடு என்றனர். இதனை மக்களின் நிலையின்மை என்று கூறுவது எளிது. இராஜாஜியின் நோக்கில் நின்றால் அப்படித்தான் கூற நேரும். இரண்டு வேண்டுகோளுக்கும் அடியில் உள்ளது ஒன்றே: உலையில் இட அரிசி கிடைக்கவேண்டும், அதற்கு எவர் பொறுப்போ அவரைக் கேட்க முடியவேண்டும். வரிசையில் நிறுத்தி அவமதித்த கட்டுப்பாட்டையும், எட்டாத விலையில் நின்ற சந்தையையும் வாக்காளர் ஒரே அளவுகோலால் அளந்தனர். அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்நாட்டில் தனியார் அரிசி வணிகமும் ரேஷன் கடையும் ஒருங்கே இயங்கிவருகின்றன. ஒன்று மற்றொன்றை அழித்துவிடும் என்று இரு தரப்பு அறிஞரும் அஞ்சியது நிகழவில்லை. இந்த ஏற்பாட்டுக்கு இராஜாஜியின் கோட்பாட்டில் இடமில்லை. அவர் கூட்டணியின் வெற்றியில் அதற்கு வேர் இருக்கிறது.

கணக்கு

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுகின்றன. நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் தகுதிகளாக வைத்த அந்தச் சபையை இன்றைய மக்களாட்சியின் முன்னோடி என்று போற்றுவது மிகை. ஆனால் அங்குள்ள ஒரு விலக்கு இன்றும் கூர்மை குன்றாதது: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்கு உரியவர் அல்லர்.

கட்சிக்குப் பணம் தரும் நிறுவனத்தின் கணக்கு, விடுதலை இந்தியாவில் நீதிமன்றம்வழியே பேசுபொருளாயிற்று. டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் கட்சி நன்கொடைக்காகத் தன் விதிகளைத் திருத்த முனைந்த வழக்கில், 1957இல் பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா திருத்தத்தைச் சட்டப்படி ஏற்றார். ஆயினும் இது மக்களாட்சியையே நெரிக்கக்கூடிய ஆபத்து என்று எச்சரித்து, நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்றார். 1960இல் வந்த திருத்தம் நன்கொடைக்கு வரம்பு விதித்ததோடு, எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்பதை நிறுவனம் தன் இலாப நட்டக் கணக்கில் காட்டவேண்டும் என்றது. 1969இல் இந்திரா காந்தி அரசு நிறுவன நன்கொடையையே தடைசெய்தது. தடையால் பெரிதும் நலிந்தது எதிர்க்கட்சிகள், குறிப்பாகச் சுதந்திராக் கட்சி, என்பது ஆய்வாளர் பலர் கருத்து. உரிமம் வழங்கும் கை ஆளுங்கட்சியிடம் இருந்தவரை கணக்கில் வராத பணம் அங்கே செல்லத் தடையிருக்கவில்லை.

இராஜாஜியின் கட்டுரைகளுள் மிக முற்போக்கான கருத்து இத்துறையில்தான் காணப்படுகிறது. தேர்தல் இப்பொழுது பெரும்பாலும் தனியார் தொழிலாக நடக்கிறது, நாட்டுடைமை ஆக்கவேண்டியது ஒன்று உண்டென்றால் முதலில் அதையே ஆக்கவேண்டும் என்னும் பொருள்பட அவர் எழுதினார். நாட்டுடைமை என்ற சொல்லுக்கே பகைவரான ஒருவர் எழுதியது இது. நகைச்சுவையாகத் தொடங்கிய வாக்கியம் அவரைத் தம் கோட்பாட்டின் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்துகிறது. சந்தையில் விற்கக்கூடாத ஒன்று உண்டு என்றும், அது விற்கப்பட்டால் சந்தையும் தன் ஒழுங்கை இழக்கும் என்றும் அவர் இங்கு ஒப்புகிறார். இந்த ஒப்புதலை விரித்து ஒரு கோட்பாடாக்கியிருந்தால் அவருடைய அரசியல் எழுத்தின் மதிப்பு வேறாக இருந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. உரிமம் ஒழிந்தால் ஊழல் ஒழியும் என்ற எளிய சூத்திரத்துக்கே மீண்டும் மீண்டும் திரும்பினார்.

1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் நீக்கப்பட்டபோது அச்சூத்திரம் சோதனைக்கு வந்தது. உரிமம் போன இடத்தில் அலைக்கற்றையும் நிலக்கரியும் வந்தன. 2012 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் 122 தொலைத்தொடர்பு உரிமங்களையும், 2014 செப்டம்பரில் 214 நிலக்கரிப் படுகை ஒதுக்கீடுகளையும் நீக்கியது. அலைக்கற்றைக் குற்றவழக்கில் 2017 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது என்பதையும் சேர்த்தே கூறவேண்டும். ஆனால் ஒதுக்கிய முறை பற்றிய முந்தைய தீர்ப்பு அதனால் மாறவில்லை. அரசிடம் வழங்குவதற்கு ஒன்று எப்பொழுதும் இருக்கும். இராஜாஜி வாயிலைக் கண்டார். சுவரில் வேறு வாயில்களும் உண்டு என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை.

1985இல் நன்கொடைத் தடை நீங்கியது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 7.5 விழுக்காட்டை வரம்பாக வைத்தது. 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அவ்வரம்பை நீக்கியது; எந்தக் கட்சிக்குத் தரப்பட்டது என்று நிறுவனம் கணக்கில் காட்டவேண்டிய கடமையையும் நீக்கியது. 1960இல் கட்டப்பட்டது இவ்வாறு அவிழ்க்கப்பட்டது. அதனோடு அறிமுகமான தேர்தல் பத்திரத் திட்டம் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வாங்குபவர் பெயர் வாக்காளருக்குத் தெரியாது, பங்குதாரருக்கும் தெரியாது. கட்சிக்கு நன்கொடை அளிப்பவர் பழிவாங்கப்படாமல் காப்பதற்கே இந்த மறைப்பு என்பது அரசின் வாதம். இராஜாஜி 1959இல் அஞ்சிய அதே அச்சம் இங்கு மறைப்புக்கு நியாயமாக மாறியிருப்பது நோக்கத்தக்கது. 2024 பிப்ரவரி 15இல் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு இத்திட்டத்தை அரசமைப்புக்கு முரணானது என ஒருமனதாகத் தள்ளியது. நன்கொடையாளரின் தனியுரிமையும் வாக்காளரின் அறியும் உரிமையும் மோதும்போது பின்னதை இவ்வாறு முற்றாக நீக்க முடியாது என்பதும், இலாபமே இல்லாத நிறுவனமும் வரம்பின்றித் தரலாம் என்பது தன்னிச்சையானது என்பதும் தீர்ப்பின் உட்பொருள். அடுத்த மாதம் பத்திர எண்களோடு பட்டியல் வெளியானபோது, யார் வாங்கியது எந்தக் கட்சிக்குச் சென்றது என்பதை இதழாளர் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

இராஜாஜியின் அஞ்சாமையை உரிமத்தோடு மட்டும் பிணைத்துப் படித்தால் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் எழுத்தைக்கொண்டே ஆதரிக்கவும் இயலும்: தொழிலதிபர் அச்சமின்றி விரும்பிய கட்சிக்குத் தரட்டும் என்று. தேர்தல் தனியார் தொழிலாகக்கூடாது என்ற வாக்கியத்தோடு பிணைத்துப் படித்தால் அவ்வாதரவு நில்லாது. இரண்டு இராஜாஜிகளில் எவரைத் தமிழ்ப் படிப்பாளி கைக்கொள்ளுவது என்பது கட்டுரைகளைத் தலைப்பு வாரியாகத் தொகுப்பதா, கால வாரியாகத் தொகுப்பதா என்பதையும் பொறுத்தது. தலைப்பு வாரியாகத் தொகுத்தால் கைத்தறி ஓரிடத்திலும் கோட்டா வேறிடத்திலும் போய்விடும். காலவரிசையில் வைத்தால், நெசவாளிக்கு ஒதுக்கீடு கேட்ட 1952உம் ஒதுக்கீட்டைப் பழித்துக் கட்சி தொடங்கிய 1959உம் ஏழே ஆண்டு இடைவெளியில் எதிரெதிர் நிற்கும்.